கான்வெக்ஸ் எட்ஜ் கத்தி தீட்டுறது எப்படி: வாட்டர் பேப்பர்லேருந்து ஸ்ட்ராப் வரைக்கும் முழு வழிகாட்டி

கேம்ப், காடு, விறகு, மர வேலைன்னு வெளியில பாவிக்கிற கத்தியில நிறைய கத்திக்கு வாய்ப்பக்கம் நேர்கோடா சரியாம லேசா வெளிப்பக்கம் உப்பின மாதிரி வளைஞ்சு வந்து முடியும், அதைத்தான் கான்வெக்ஸ் எட்ஜ்னு சொல்றோம். இதைத் தீட்டப் போறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த கிரிட் பேப்பர் வாங்கணும்னுதான் (கிரிட்ங்கிறது பேப்பர்ல இருக்கிற துகளோட அளவு நம்பர், நம்பர் கூடக் கூட துகள் பொடிசாகும்). ஆனா பக்கத்துல நின்னு பார்த்தா அவங்க கோட்டை விடுற இடமே வேற. கையை வெச்சு அமுக்குற அமுக்கு, அப்புறம் ஒவ்வொரு இழுப்பும் முடியும்போது கத்தியைத் தூக்குற விதம், இந்த ரெண்டுலதான் பத்துல ஒன்பது பேர் கத்தியை மழுக்கிக்கிறாங்க. இந்த ரெண்டும் சரியா வந்துட்டா சாதாரண பேப்பர்லயே நல்ல கூர் வரும், வராட்டி எவ்வளவு ஒசத்தி சாமான் வாங்கினாலும் வராது.

அதனால கீழ இருக்கிற வரிசையை மாத்தாம போங்க. ஒவ்வொண்ணும் ஏன் அந்த இடத்துல வருதுன்னு காரணத்தோட எழுதியிருக்கேன்.

1. முதல்ல உங்க கத்தி கான்வெக்ஸ்தானான்னு பாருங்க

ஸ்டீல் ஸ்கேலோட ஓரத்தைக் கத்தியோட பக்கவாட்டுல முதுகுலேருந்து வாய் வரைக்கும் குறுக்கா வெச்சு, பின்னாடி ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க. நடுவுல தொட்டுக்கிட்டு முதுகுப்பக்கமும் வாய்ப்பக்கமும் வெளிச்சம் கசிஞ்சா அது கான்வெக்ஸ். இன்னொரு வழி, கத்தியை விளக்குக்கு நேரா பிடிச்சு மெதுவா உருட்டுங்க. தட்டையான சரிவா இருந்தா பளபளப்பு ஒரே நேரத்துல சட்டுனு பத்திக்கும், ஒரே நேரத்துல அணையும். கான்வெக்ஸா இருந்தா அந்த வெளிச்சக் கோடு வழுக்கிக்கிட்டே வாய் வரைக்கும் போகும்.

இதுல ரெண்டு வகை இருக்கு. சிலதுல முதுகுலேருந்தே வளைவு ஆரம்பிச்சு வாய் வரைக்கும் ஒரே ஓட்டமா வரும். சிலதுல பக்கவாட்டு தட்டையாத்தான் இருக்கும், வாய்க்கு மேல கடைசி சில மில்லிமீட்டர் மட்டும் வளைஞ்சிருக்கும். முறை ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆனா முதல் வகையில ரொம்ப அகலமா பேப்பர் படும், பக்கவாட்டுல கோடு விழும், அழகு முக்கியம்னா முன்னாடியே டேப் ஒட்டிக்கணும்.

ஃபால்க்னிவன் எஃப்1, பார்க் ரிவர் கத்திகள் இதெல்லாம் கான்வெக்ஸாவே வரும். மோரா மாதிரி ஸ்காண்டி கத்தி அப்படி இல்ல, அதுல ரெண்டு பக்கமும் அகலமான தட்டைச் சரிவு, அதைக் கல்லு மேல அப்படியே படிய வெச்சுத் தேய்க்கணும். ஸ்காண்டியை இங்க சொல்ற மாதிரி மெத்தை (பேப்பருக்கு அடியில போடுற ஃபோம்) மேல போட்டா அந்தத் தட்டைச் சரிவு உருண்டு போயிடும், திரும்பத் தட்டையாக்க நிறைய இரும்பை வீணாக்கணும். இந்த ஒரு சோதனையை அதுக்காகத்தான் முதல்ல வெச்சேன்.

2. கையில எடுத்து வெச்சுக்க வேண்டியது

* வாட்டர் பேப்பர், அதாவது தண்ணி போட்டுத் தேய்க்கிற கருப்பு சிலிக்கான் கார்பைடு பேப்பர். 320, 600, 1000, 2000 நாலு போதும். வாய் உடைஞ்சிருந்தா 220 ஒண்ணு கூட.
* ரப்பர் மவுஸ் பேட் அல்லது அதே மாதிரி கெட்டியான ஃபோம் ஷீட், 2லேருந்து 3 மிமீ கனம்.
* அதை வைக்கிறதுக்குத் தட்டையான பலகை, பேப்பரைப் பிடிக்க ரெண்டு கிளிப்.
* ஒரு துண்டு கண்ணாடி அல்லது வழவழன்னு இருக்கிற டைல்.
* பெர்மனன்ட் மார்க்கர்.
* பலகையில ஒட்டின தோல், அதுதான் ஸ்ட்ராப். கூடவே பச்சை பாலிஷ் கட்டி.
* டார்ச், மாஸ்கிங் டேப், பழைய துணி, கொஞ்சம் தண்ணி.
* முடிஞ்சா 10 மடங்கு பெரிசாக் காட்டுற லூப்.

பேப்பர் வாங்கும்போது பின்னாடி அச்சடிச்சிருக்கிற நம்பருக்கு முன்னாடி "பி"ன்னு இருக்கான்னு பாருங்க. பி1000னா துகள் சுமார் 18 மைக்ரான், பி2000னா சுமார் 10 மைக்ரான். "பி" இல்லாத அமெரிக்க அளவுல 1000ங்கிறது கிட்டத்தட்ட பி2000க்கு சமம். ரெண்டையும் கலந்து வாங்கிட்டு 1000லேருந்து பி1500க்கு "ஏறுறேன்"னு நெனச்சுக்கிட்டு உண்மையில கீழ இறங்கிடுறவங்களை அடிக்கடி பார்க்கிறேன், கோடு ஏன் போகவே மாட்டேங்குதுன்னு அவங்களுக்குப் புரியாது. எல்லாப் பேப்பரும் ஒரே அளவுமுறையில இருக்கட்டும். நான் கீழ சொல்றதெல்லாம் பி அளவு.

3. மெத்தை எவ்வளவு கெட்டியா இருக்கணும்

கான்வெக்ஸ் தீட்டுறதோட அடிப்படையே இந்த மெத்தைதான். கத்தி பேப்பர் மேல படும்போது கீழ இருக்கிற ஃபோம் அமுங்கும், அமுங்கின இடத்தைச் சுத்தி பேப்பர் லேசா மேல எழும்பி கத்தியோட வளைவைத் தழுவிக்கும். அதனால வளைவு கெடாம தீட்ட முடியுது.

இதே விஷயம்தான் ஆபத்தும். ஃபோம் ரொம்ப மெத்துனு இருந்தா, இல்ல நீங்க ரொம்ப அமுக்கினா, பேப்பர் வாயைத் தாண்டி நல்லா மேல எழும்பி வாயோட நுனியைச் சுத்திக்கும். அப்புறம் ஒவ்வொரு இழுப்பும் நுனியை உருட்டிக்கிட்டே இருக்கும். யோகா மேட், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் இதெல்லாம் வேண்டாம். கட்டை விரலால நல்லா அழுத்தினா பாதிக்கு மேல அமுங்காத ஃபோம்தான் சரி.

மவுஸ் பேட்ல துணி ஒட்டின பக்கத்தைக் கீழ போட்டு ரப்பர் பக்கத்தை மேல வையுங்க, துணி மேல பேப்பர் நழுவும். பேப்பரோட ரெண்டு ஓரத்தையும் இழுத்து கிளிப் போடுங்க. தொளதொளன்னு இருந்தா கத்தி போற பக்கம் பேப்பர் அலை மாதிரி சுருண்டு வாய்ல மோதும்.

4. கத்தியைத் தயார் பண்றது

மரப்பிசின், துரு, எண்ணெய் எல்லாத்தையும் துடைச்சு எடுங்க. பிசின் போகாட்டி ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சாப் போயிடும். பிசினோட பேப்பர்ல போட்டா ரெண்டே நிமிஷத்துல பேப்பர் அடைச்சுக்கும், அதுக்கப்புறம் வெட்டாது, வழுக்கும்.

இப்ப டார்ச் வெளிச்சத்துல வாயை நேரா மேல பார்த்த மாதிரி பிடிச்சு முழு நீளத்தையும் பாருங்க. நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, ஏன்னா அடிக்கிறதுக்கு அங்க பரப்பே இல்ல. எங்கெல்லாம் வெள்ளையா மினுக்குதோ அங்கெல்லாம் மழுங்கியோ மடங்கியோ உடைஞ்சோ இருக்கு. அந்த இடங்களை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில இதே இடங்களைத்தான் திரும்ப வந்து பார்க்கப் போறோம்.

பக்கவாட்டுல கோடு விழக்கூடாதுன்னா வாய்லேருந்து ஒரு 8 மிமீ விட்டு மேல எல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. மடக்குக் கத்தியா இருந்தா லாக் கெட்டியா விழுந்திருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க.

5. எந்தப் பேப்பர்ல ஆரம்பிக்கணும்

மினுக்கல் எதுவுமே இல்ல, லேசா பிடிப்பு மட்டும் குறைஞ்சிருக்குன்னா பேப்பரே வேண்டாம், நேரா 11ஆவது படிக்குப் போய் ஸ்ட்ராப் மட்டும் போடுங்க. அங்கங்க மெல்லிசா மினுக்குதுன்னா 1000. முழு நீளமும் மினுக்குதுன்னா 600. வெறும் கண்ணுக்கே தெரியிற உடைசல் இருந்தா 320, பெரிசா இருந்தா 220.

தேவைக்கு மேல கரடான பேப்பர்ல ஆரம்பிக்காதீங்க. 220 போட்ட கோட்டை எடுக்கவே பாதி நேரம் போயிடும், இரும்பும் தேவையில்லாம தேயும். அதே மாதிரி முழுசா மழுங்கின கத்தியை 2000ல போட்டு ஒரு மணி நேரம் தேய்க்கிறதும் வேலைக்கு ஆகாது, அவ்வளவு நேரம் ஒரே சாய்வுல கை நிக்காது, நுனி உருண்டுதான் போகும்.

6. சாய்வு கண்டுபிடிக்கிறது

இதை மெத்தை மேல பண்ணாதீங்க. கண்ணாடி மேல ஒரு 1000 பேப்பரைத் தண்ணி தொட்டு ஒட்ட வெச்சு அது மேல பண்ணுங்க, அடிப்பக்கம் அசையாம இருந்தாத்தான் கைக்கு உண்மை தெரியும்.

கத்தியைப் படுக்க வையுங்க. அப்படியே வாய்ப்பக்கமா, இறகு படுற மாதிரி லேசா முன்னால தள்ளிக்கிட்டே முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்குங்க. முதல்ல வழுக்கும், ஏன்னா உப்பின பகுதி மட்டும்தான் தொடுது. ஒரு கட்டத்துல வாய் பேப்பர்ல பிடிக்கும், நகராது. அந்த இடத்துல நிறுத்துங்க. அதுதான் உங்க கத்தியோட நுனியில இருக்கிற சாய்வு, அதாவது நீங்க தூக்கலாம்கிற உச்ச அளவு.

மெத்தை மேல தீட்டும்போது இதுக்குக் கொஞ்சம் கீழயே முதுகை வெச்சுக்கணும். மெத்தை அமுங்கி பேப்பர் எழும்புறதால மிச்சத்தை அதுவே ஈடு கட்டிடும். பிடிச்ச அதே உயரத்துல மெத்தையிலயும் வெச்சா உண்மையில படுற சாய்வு கூடிடும்.

கணக்கு வேணும்னா: வெளிவேலைக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி சுத்தி இருந்தா நல்லது. கத்தியோட அகலம் 30 மிமீன்னா, 20 டிகிரிக்கு முதுகு சுமார் 10 மிமீ உயரத்துல இருக்கணும், 15 டிகிரிக்கு சுமார் 8 மிமீ. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அதனால "கொஞ்சம் தூக்கினா என்ன"ன்னு நெனைக்காதீங்க. ஓங்கி வெட்டுற பெரிய கத்தி, கோடாலிக்கு 25 டிகிரி வரைக்கும் வைக்கலாம், வாய் அடி தாங்கும்.

இப்ப மார்க்கர். வாய்லேருந்து மேல 4 மிமீ அகலத்துக்கு ரெண்டு பக்கமும் மை பூசுங்க. மெத்தை மேல ரெண்டே ரெண்டு இழுப்பு இழுத்துட்டு மை எங்க போயிருக்குன்னு பாருங்க.

வாய்க்கு மேல மட்டும் போய் வாயோரமா கோடு மாதிரி மை நின்னா, முதுகு தாழ்வா இருக்கு, ஒரு துளி தூக்கணும். வாயோரத்துல மட்டும் போய் மேல அப்படியே இருந்தா, முதுகு ஏறிடுச்சு இல்ல அமுக்கிட்டீங்க. மேலேருந்து வாய் வரைக்கும் சீரா வெளுத்திருந்தா அந்த உயரத்தைக் கைக்குப் பழக்குங்க. சின்னதா ஒரு மரத்துண்டை அந்த உயரத்துக்குச் செதுக்கி பக்கத்துல வெச்சுக்கிட்டு அப்பப்ப ஒப்பிட்டுப் பார்க்கிறது ஆரம்பத்துல ரொம்ப உதவும்.

மார்க்கரை முதல் தடவையோட மறந்துடாதீங்க. ஒவ்வொரு பேப்பர் மாத்தும்போதும் திரும்பப் பூசணும், ஏன்னா கை களைச்சுப் போனா முதுகு தன்னால ஏறும், உங்களுக்கே தெரியாது, மைதான் சொல்லும்.

7. இழுப்பு

மொத்த வேலையிலயும் இதுதான் முக்கியம், இங்க நிதானமா இருங்க.

திசை. எப்பவும் முதுகு முன்னால போகணும், வாய் பின்னால வரணும். வாய் உங்களைப் பார்த்திருந்தா கத்தியை உங்ககிட்டேருந்து தள்ளுங்க, வாய் எதிர்ப்பக்கம் பார்த்திருந்தா உங்க பக்கம் இழுங்க. கல்லு மேல தீட்டிப் பழகினவங்க வாயை முன்னால தள்ளுவாங்க, அதை இங்க பண்ணினா பேப்பர் கிழியும், மெத்தையும் வெட்டுப்படும், எழும்பி நிக்கிற பேப்பர்ல வாய் நேரா மோதி மழுங்கவும் செய்யும்.

அமுக்கு. கத்தியோட எடைக்கு மேல ஒரு துளி, அவ்வளவுதான். 320, 600ல இன்னும் கொஞ்சம் கூடலாம். 1000க்கு மேல கத்தியோட எடை மட்டும் போதும். வேகமா வேலை முடியணும்னு அமுக்குறது இயல்பா வர்ற பழக்கம், ஆனா மெத்தை மேல அமுக்கு கூடினா வெட்டுற வேகம் மட்டும் கூடாது, வடிவமே மாறும். அமுக்க அமுக்க பேப்பர் மேல எழும்பும், எழும்ப எழும்ப நுனியில சாய்வு கூடும், 20 டிகிரின்னு நீங்க நெனச்சுக்கிட்டு இருக்கிறது நுனியில 30ஐயும் தாண்டிப் போயிருக்கும். வேகம் வேணும்னா இன்னும் கரடான பேப்பருக்குப் போங்க, கையைப் போடாதீங்க.

முடிவு. இழுப்பு முடியிற இடத்துல கத்தியை முதல்ல நிறுத்துங்க. முழுசா நின்னப்புறம் நேரா மேல எடுங்க. ஓட்டத்தோட ஓட்டமா மணிக்கட்டைச் சுழட்டித் தூக்கினா, பேப்பரை விட்டுப் போற கடைசி நொடியில முதுகு எழும்பி வாய் மட்டும் பேப்பர்ல உரசிட்டுப் போகும். இப்படி ஒவ்வொரு இழுப்புலயும் சேர்த்து வெச்ச கூரைக் கடைசி ஒரு அங்குலத்துல எடுத்துடுறீங்க. நேரம் காலம் பார்க்காம தேய்ச்சும் கூரே வரலைன்னு சொல்றவங்க கையைப் பார்த்தா பெரும்பாலும் இதுதான் நடந்துக்கிட்டு இருக்கும்.

பிடி. ஒரு கை பிடியில, மணிக்கட்டு பூட்டின மாதிரி. இன்னொரு கையோட ரெண்டு விரல் கத்தியோட பக்கவாட்டுல, முதுகுக்கு வாய்க்கு நடுவுல. விரல் வாயோரமா போனா அமுக்கு அங்க கூடும். அசைவு தோள்லேருந்தும் முழங்கையிலேருந்தும் வரட்டும். நின்னுக்கிட்டுப் பண்றது சுலபம், உடம்பே லேசா முன்னும் பின்னும் ஆடினா கை அசையாம சாய்வு நிக்கும்.

பேப்பர் மேல நாலஞ்சு சொட்டுத் தண்ணி விடுங்க, தேய்ஞ்ச இரும்புத்தூள் அடைக்காம ஓடும். கருப்பா சேறு மாதிரி வந்தா துடைச்சுட்டு திரும்பத் தண்ணி.

8. பிசிர் வர்ற வரைக்கும் ஒரே பக்கம்

முதல் பேப்பர்ல ஒரு பக்கத்தை மட்டும் தீட்டிக்கிட்டே இருங்க, எதிர்ப்பக்கத்துல பிசிர் எழும்புற வரைக்கும். பிசிர்ங்கிறது நுனி வரைக்கும் தேய்ஞ்சு, மிச்ச இரும்பு மெல்லிசா எதிர்ப்பக்கம் மடங்கி நிக்கிறது. அது வந்தாத்தான் அந்தப் பக்கம் நுனி வரைக்கும் போயிருக்கீங்கன்னு அத்தாட்சி. பத்து இழுப்பு இங்க, பத்து இழுப்பு அங்கன்னு எண்ணி மாத்துறது இந்தக் கட்டத்துல பிரயோஜனம் இல்ல, இரும்புக்கு எண்ணிக்கை தெரியாது.

தடவிப் பார்க்கிறதும் ஒரு முறையில: கட்டை விரலை முதுகுப்பக்கத்துலேருந்து வாய்ப்பக்கமா, வெளியில வழிச்சு விடுற மாதிரி ஓட்டுங்க. வாய் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது, அறுத்துடும். சொரசொரன்னு விளிம்புல தட்டுச்சுன்னா அதுதான் பிசிர். சந்தேகம்னா பஞ்சை அதே திசையில இழுங்க, பிசிர் இருந்தா இழை சிக்கும்.

பிடிப்பக்கத்துலேருந்து முனை வரைக்கும் ஒரு இடம் விடாம பிசிர் வரணும். நடுவுல சுலபமா வந்துடும், ரெண்டு கோடியிலயும்தான் நிக்கும். வராத இடத்துல மட்டும் கூடுதலா இழுத்து வர வெச்சுட்டுத்தான் கத்தியைத் திருப்பணும். திருப்பி மறுபக்கமும் அதே மாதிரி, இந்தப் பக்கம் பிசிர் புரண்டு வர்ற வரைக்கும்.

பெரிய உடைசல் இருந்தா அது முழுசா போற வரைக்கும் ஒரே தடவையில தேய்க்கணும்னு கட்டாயம் இல்ல. பாதி போனாலும் கத்தி வேலை செய்யும், மிச்சம் அடுத்தடுத்த தடவையில தானா போயிடும். ஒரு சின்னப் பல்லுக்காகக் கத்தியோட மொத்த நீளத்தையும் கரைக்கிறதை விட அது நல்லது.

9. முனையும் பிடிப்பக்கமும்

வாய் வளைஞ்சு முனைக்குப் போற இடத்துல நேரா இழுத்தா பேப்பர் அந்த இடத்துல சரியாப் படாது. அங்க வரும்போது கைப்பிடியை மெதுவா மேல தூக்கணும், முதுகைச் சாய்க்கக்கூடாது. கைப்பிடியைத் தூக்குறது வேற, முதுகை எழுப்புறது வேற, ரெண்டையும் குழப்பிக்கிட்டா முனை மட்டும் தடிச்சு மழுங்கிப் போகும். எப்படிச் சரிபார்க்கிறதுன்னா அங்கயும் மை பூசிப் பாருங்க, நேர்ப்பகுதியில எவ்வளவு அகலம் வெளுக்குதோ முனையிலயும் கிட்டத்தட்ட அதே அகலம் வெளுக்கணும்.

முனை பேப்பர் ஓரத்தைத் தாண்டி வெளிய விழுற மாதிரி இழுக்காதீங்க. விழும்போது முனை மெத்தை ஓரத்துல உருண்டு கூர்முனை வட்டமாயிடும். முனை இன்னும் பேப்பர் மேல இருக்கும்போதே நிறுத்துங்க.

கஷ்டமா இருந்தா ஒரே இழுப்புல முழு நீளமும் போகணும்னு இல்ல. நேர்ப்பகுதியைத் தனியா, வளைவைத் தனியா தீட்டிட்டு, கடைசியா நாலு நீள இழுப்பு போட்டு ரெண்டையும் சேர்த்துடுங்க. பிடிப்பக்கத்துல பேப்பரோட ஓரம் கைப்பிடி காவல்ல, அதாவது கை வாய்ப்பக்கம் வழுக்காம தடுக்கிற தடுப்புல, இடிக்கும், அதனால பேப்பரை மெத்தையோட விளிம்பு வரைக்கும் இழுத்து வெச்சு, விளிம்புலேருந்து ஆரம்பிங்க.

10. பேப்பர் ஏத்துறது

320லேருந்து 600, 600லேருந்து 1000, 1000லேருந்து 2000. ஒவ்வொண்ணுலயும் துகள் சுமார் 30லேருந்து 45 சதவீதம் வரைக்கும் சின்னதாகுது, அதனால முந்தின கோட்டை எடுக்க அதிக நேரம் ஆகாது. 320லேருந்து நேரா 2000க்குத் தாவினா மேல மட்டும் மினுங்கும், அடியில ஆழமான கோடு அப்படியே இருக்கும்.

இங்கேருந்து பிசிருக்காகக் காத்திருக்க வேண்டாம், அது ஏற்கனவே இருக்கு, அதைச் சின்னதாக்கிக்கிட்டே போறோம். ஒவ்வொரு பேப்பர்லயும் ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து, அப்புறம் அஞ்சு அஞ்சு, கடைசியா ஒண்ணு விட்டு ஒண்ணு பக்கம் மாத்தி. ஒவ்வொரு தடவையும் கையோட பாரம் குறைஞ்சுக்கிட்டே வரணும்.

கோடு போயிருச்சான்னு பார்க்க ஒரு தந்திரம்: ஒவ்வொரு பேப்பர்லயும் இழுப்போட கோணத்தைக் கொஞ்சம் மாத்துங்க, ஒண்ணுல லேசா இடதுபக்கம் சரிச்சு, அடுத்ததுல வலதுபக்கம் சரிச்சு. பழைய கோடு எது புதுக் கோடு எதுன்னு லூப்ல பளிச்சுனு தெரியும்.

எங்க நிறுத்தலாம்? கயிறு, அட்டை, நார் வெட்டுறதுதான் முக்கிய வேலைன்னா 600லயே நிறுத்திட்டு ஸ்ட்ராப் போட்டுடலாம், அந்த மெல்லிசான பல் நாரைக் கவ்விப் பிடிக்கும். மரம் சீவுறதுன்னா 2000 வரைக்கும் போங்க, வழவழப்பான வாய் மரத்துல குறைஞ்ச பலத்துல ஓடும்.

11. பிசிரை எடுக்கிறதும் ஸ்ட்ராப்பும்

வாயைப் பின்னால இழுத்தே தீட்டுறதால இந்த முறையில பிசிர் கொஞ்சம் நீளமாவே நிக்கும். அது நேரா நின்னா கத்தி பயங்கர கூரா இருக்கிற மாதிரி ஏமாத்தும், பேப்பரை வெட்டும், கை முடியைக்கூட எடுக்கும், ஒரு குச்சியைச் சீவின உடனே மடங்கி மொக்கையாயிடும். அதனால இதை எடுக்காம விடக்கூடாது.

2000 பேப்பர்லயே கடைசியா ஒரு பத்து இழுப்பு, பக்கம் மாத்தி மாத்தி, கத்தியோட எடையை விடக் குறைவான பாரத்துல. அப்புறம் காய்ஞ்ச மெல்லிய மரத்துண்டோட ஓரத்துல வாயை ஒரே ஒரு தடவை, எடை போடாம, அறுக்கிற மாதிரி இழுங்க. தொங்கிக்கிட்டு இருக்கிற பிசிர் அதுல சிக்கிக்கும்.

அப்புறம் ஸ்ட்ராப். தோல் மெல்லிசா, பலகையில கெட்டியா ஒட்டியிருக்கணும். தொங்குற பெல்ட்டுல போட்டா அது தொய்ஞ்சு வாயைச் சுத்தும், மெத்தையில அமுக்கின அதே கதைதான். பச்சைக் கட்டியை மெல்லிசா, தோல் நிறம் லேசாத் தெரியிற அளவுக்குத் தேயுங்க, அப்பி வைக்க வேண்டாம்.

திசை அதேதான், முதுகு முன்னால. சாய்வு பேப்பர்ல வெச்சதை விட ஒரு துளி கீழ. பக்கத்துக்கு பத்துலேருந்து இருபது. கருப்புக் கோடு தோல்ல விழுந்தா இரும்பு எடுக்குதுன்னு அர்த்தம். இங்கயும் நிறுத்திட்டுத்தான் தூக்கணும்.

பச்சைக் கட்டியில இருக்கிறது பெரும்பாலும் குரோமியம் ஆக்சைடு. 1095, ஓ1, விஜி-10 மாதிரி இரும்புக்கு அது நல்லாவே போதும். எஸ்30வி, எஸ்90வி மாதிரி வனேடியம் அதிகமா இருக்கிற இரும்புல வனேடியம் கார்பைடு துகள் அந்தப் பச்சைக் கட்டியை விட ரொம்பக் கடினம், தேய்ஞ்ச மாதிரி இருக்கும் ஆனா கூர் ஏறாது. அதுக்கு வைரத்தூள் பேஸ்ட் வாங்கிக்கோங்க, 1 மைக்ரான் போதும்.

12. சோதிக்கிறது

முதல்ல டார்ச். ஆரம்பத்துல மினுக்கின அதே இடங்களைப் பாருங்க, இப்ப அங்க கோடே தெரியக்கூடாது. அடுத்தது சாதாரண பிரிண்டர் பேப்பர், பிடிப்பக்கத்துலேருந்து முனை வரைக்கும் முழு வாயையும் பாவிச்சு இழுங்க. எங்க சிக்குதோ அங்க பிசிர் மிச்சம் இருக்கு இல்ல நுனி வரைக்கும் போகல.

மூணாவதுதான் உண்மையான பரீட்சை. காய்ஞ்ச மரக்குச்சியை நாலு சீவு சீவிட்டுத் திரும்ப பேப்பரை வெட்டிப் பாருங்க. முன்ன மாதிரியே வெட்டினா வேலை முடிஞ்சுது. திடீர்னு மோசமாயிருந்தா நீங்க கூர்னு நெனச்சது பிசிர், 11ஆவது படியைத் திரும்பப் பண்ணுங்க.

13. சரியா வரலைன்னா

*எவ்வளவு தேய்ச்சும் பிசிரே வரல:* சாய்வு தாழ்வா இருக்கு, வாயைத் தொடவே இல்ல. மை பூசிப் பாருங்க. முதுகைத் தூக்கிப் பார்த்தும் வரலைன்னா பேப்பர் மொக்கை, மாத்துங்க.

*பிசிர் வந்துச்சு, ஆனா கூர் இல்ல:* அமுக்கு அல்லது கடைசித் தூக்கல். 1000க்குத் திரும்பிப் போய், கத்தி எடையில மட்டும், நிறுத்தி நிறுத்தி எடுங்க.

*கூர் இருக்கு, ஆனா மரத்துல இறங்க மாட்டேங்குது:* வாய்க்குப் பின்னாடி இருக்கிற பகுதி தடிச்சுப் போச்சு. நுனியை மட்டுமே திரும்பத் திரும்பத் தீட்டினா வாய் மேல மேல ஏறும், ஏற ஏற கத்தி கனமான பகுதிக்குப் போகும். இதுக்கு முதுகை நல்லாத் தாழ்த்தி 320ல உப்பின பகுதியை மட்டும் தேய்ச்சு மெல்லிசாக்கணும், மை வாயோரத்துல போகாம மேல மட்டும் போகணும். அதுக்கப்புறம் வழக்கமான சாய்வுக்கு வாங்க. நாலஞ்சு முழுத் தீட்டலுக்கு ஒரு தடவை இதைப் பண்ணிட்டா எப்பவும் பிரச்சினை வராது. புதுசுலயே வாய்க்கு 1 மிமீ மேல கனம் எவ்வளவுன்னு காலிப்பர் வெச்சு அளந்து எழுதி வெச்சுக்கிட்டா எப்ப தடிக்குதுன்னு ஊகிக்க வேண்டிய அவசியமே இல்ல.

*ஒரு பக்கம் அகலமா மறுபக்கம் ஒடுக்கமா வெளுக்குது:* பழக்கமில்லாத கையோட பக்கம் சாய்வு வேறயா இருக்கு. கையை மாத்தாம, ரெண்டு பக்கத்துக்கும் அதே கையில பிடிச்சு ஒண்ணுல தள்ளி ஒண்ணுல இழுத்துப் பாருங்க.

*பேப்பர் கிழிஞ்சுக்கிட்டே இருக்கு:* கத்தியைத் திரும்பக் கொண்டு வரும்போது பேப்பர்ல படுது. ஒவ்வொரு தடவையும் தூக்கி வெச்சு ஆரம்பிங்க.

14. கல்லுலயும் பெல்ட்லயும் பண்ணலாமா

கல்லு மட்டும்தான் இருக்குன்னா பண்ணலாம். முதல்ல 15 டிகிரி அளவுல உப்பின பகுதி, அப்புறம் 18, அப்புறம் 20ல வாய், இப்படி மூணு சின்னச் சரிவா தீட்டிட்டு, மெத்தை மேல 1000 பேப்பர்ல மூணையும் சேர்த்து உருட்டிடுங்க. தட்டையான கல்லுல ஒரே சாய்வுல தீட்டினா வளைவு போய் சாதாரண வி வடிவம் வந்துடும். அதுவும் வெட்டும், ஆனா உங்க கத்தி கான்வெக்ஸா இருக்காது.

பெல்ட் மெஷின் வேகமா முடிக்கும், அதனாலதான் புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றதில்ல. வாயோட நுனி ரொம்ப மெல்லிசு, சூடு அங்க ஒரு நொடியில ஏறிடும். 1095 மாதிரி கார்பன் ஸ்டீலைப் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸ் பக்கத்துலதான் டெம்பர் பண்ணியிருப்பாங்க (அதாவது பதம் வர்றதுக்காக அந்தச் சூட்டுல வெச்சு எடுத்திருப்பாங்க), அதைத் தாண்டினா இரும்போட பதம் போயிடும், நிறம் மாறி நீலமாத் தெரியும்போது 300 பக்கம் போயிருக்கும், அதுக்குள்ள நுனி மென்மையாயிடும். கட்டாயம் பண்ணணும்னா குறைஞ்ச வேகம், புது பெல்ட், கையில க்ளவுஸ் இல்லாம விரலால சூடு தெரியிற மாதிரி பிடிச்சு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தண்ணியில முக்கி எடுங்க.

15. வெளியில இருக்கும்போது

ஒரு சின்னப் பலகை, ஒரு பக்கம் ஃபோம் ஒட்டி அது மேல 1000 பேப்பர், மறுபக்கம் கட்டி தேய்ச்ச தோல். பையில வைக்க இது போதும். ஒவ்வொரு நாள் வேலை முடிஞ்சதும் தோல்ல பக்கத்துக்குப் பத்து இழுப்பு போட்டுட்டு உறையில போடுங்க, வாரக்கணக்குல பேப்பர் பக்கமே போக வேண்டியிருக்காது. தோல்ல போட்டும் கூர் திரும்பலைன்னாதான் 1000. அதுவும் போதலைன்னா வீட்டுக்கு வந்து மெத்தையில 600.

பேப்பர் வேலை முடிஞ்ச கையோட கத்தியைக் கழுவித் துடைச்சு லேசா எண்ணெய் தடவிடுங்க, முக்கியமா கார்பன் ஸ்டீலா இருந்தா. இப்பதான் தேய்ச்ச பளிச்சுனு இருக்கிற இரும்புல ஈரம் நின்னா ஒரே ராத்திரியில துருப்புள்ளி வந்துடும், அதுவும் முதல்ல வாயிலதான் வரும். தோல் உறையிலயே மாசக்கணக்கா வெச்சிருக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.